பொலன்னறுவை: இடிந்த நகருக்குச் சைக்கிளே வாகனம்

பொலன்னறுவைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் சிகிரியாக் குன்றில் ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் வந்து, ஐந்தாறு இடங்களில் இறங்கிப் படமெடுத்து, இருட்டுவதற்குள் தம்புள்ளைக்கோ கண்டிக்கோ திரும்பிவிடுவது வழக்கம். அப்படிப் போகாதீர்கள் என்பதுதான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போவது. முதுகுப்பையோடு வந்து, ஓர் இரவாவது தங்கி, ஒரு முழுப் பகலைச் சைக்கிளில் கழியுங்கள். காசு மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மிச்சமாவது உண்மைதான் என்றாலும் அது இரண்டாம்பட்சம். பொலன்னறுவை தனியொரு கோயில் இல்லை, ஒரு தலைநகரம். கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டால் நகரம் புரிந்துவிடாது. எதற்கு அருகே எது இருந்தது, எந்த மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார், அரண்மனை வாசலிலிருந்து துறவிகளின் மடம் எவ்வளவு தூரம் என்பவை தெரிந்தால்தான் புரியும். இடைவெளிகளில் இருக்கிறது அந்த அறிவு. வேனில் போகிறவருக்கு அந்த இடைவெளிகள் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகின்றன. நடந்து போகிறவருக்கு அவை வெயிலும் களைப்புமாகவே மிஞ்சுகின்றன. சைக்கிள் ஒன்றுதான் இடைவெளியை இடைவெளியாகவே காட்டுகிறது.

முதலில் இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் பழைய தலைநகரம் அனுராதபுரம். 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழ மன்னன் முதலாம் இராசராசனின் படை அதைக் கைப்பற்றியது. 1017இல் இராசேந்திரன் காலத்தில் சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டான். சோழர்கள் ஆட்சி மையத்தைத் தென்கிழக்கே பொலன்னறுவைக்கு மாற்றி, சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். தெற்கே உரோகணத்திலிருந்து எதிர்த்துவந்த சிங்கள அரசர்களின் படை மகாவலி ஆற்றைக் கடந்துவரும் வழியைக் கண்காணிக்க இதுவே தோதான இடம். 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஆனால் பழைய தலைநகருக்குத் திரும்பாமல் இங்கேயே ஆட்சியை வைத்துக்கொண்டான். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவும், அடுத்து 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லனும் இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதியைக் கட்டினார்கள் அல்லது புதுப்பித்தார்கள். 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்பு வந்தது. 13ஆம் நூற்றாண்டோடு அரசு தென்மேற்கே நகர்ந்தது, ஊரைக் காடு மூடியது. 1982இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தலைநகராக இருந்த காலம் குறுகியது என்பதாலும், பிறகு மேலே வேறு பெரிய நகரம் எழும்பவில்லை என்பதாலும்தான் நகரத்தின் வரைபடம் தரையிலேயே தங்கிவிட்டது. அனுராதபுரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இங்கே ஏறக்குறைய இரண்டே நூற்றாண்டுகள்தான். பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஊர் கிடையாது.

அந்த வரைபடம் தெற்கு வடக்காக நீண்டது. தெற்கே பராக்கிரம சமுத்திரம் என்னும் ஏரியை ஒட்டி அரண்மனைக் கோட்டை. மூன்று தளம் வரை நிற்கும் செங்கல் சுவர்களில் மர உத்தரங்கள் செருகிய குழிகள் இன்னும் தெரிகின்றன. எதிரே, அடித்தளமெங்கும் யானை வரிசை செதுக்கிய அரசவை மண்டபம். கோட்டைக்கு வடக்கே சிறிது தூரத்தில் உயர்ந்த மேடை; தலதா மாளுவை என்று அதைச் சொல்வார்கள். புத்தரின் புனிதப் பல்லை வைத்திருந்த ஆலயங்கள், வட்டதாகை என்னும் வட்ட வடிவக் கட்டடம், தூபாராமம், ஏழடுக்காகக் குறுகி உயரும் சத்மகால் பிராசாதம் எல்லாம் அந்த ஒரே மேடையில் நெருங்கி நிற்கின்றன. அதற்கு வடக்கே நகர மதிலும் வாசலும். வாசலுக்கு வெளியே நெடுஞ்சாலைபோல் நேரே போகும் பாதையில் உயர்ந்து நிற்கும் ரன்கொத் விகாரை. அதற்கப்பால் ஆலாகன பிரிவேனா என்னும் மடப் பல்கலைக்கழகம். அரச குடும்பத்தாரை எரித்த சுடுகாட்டில் பராக்கிரமபாகு எழுப்பியது. இன்னும் வடக்கே கல் விகாரை, தாமரைக் குளம், கடைசியாக மரங்களுக்கிடையே திவங்க பிலிமகே. கோட்டையிலிருந்து இந்தக் கடைசிக் கட்டடம் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அரசன், அவன் ஆட்சிக்குச் சாட்சியான பல், மதில், பிறகு உலகைத் துறந்தவர்கள், அதுவும் சுடுகாட்டில். இந்த வரிசை தற்செயலானது இல்லை. சைக்கிளை மிதித்து வாசலைக் கடக்கும்போது கடைத்தெருவும் அரசவையும் முதுகுக்குப் பின்னால் போவதும், முன்னால் மரமும் அமைதியும் கூடுவதும் உடம்புக்கே தெரியும். வாகன நிறுத்தத்திலிருந்து வாகன நிறுத்தத்துக்குத் தாவுகிறவருக்கு ஐந்து இடமும் ஒரே மாதிரி ஐந்து இடம்தான்.

தமிழ் வாசகர் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வாதத்துக்கு வலுவான சான்றும் அதிலேதான் இருக்கிறது. தமிழர்கள் பொலன்னறுவைக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டாம் சிவ தேவாலயத்தைத் தேடிப் போவார்கள். அது சரிதான். இராசராசனின் தாயும் சுந்தர சோழனின் அரசியுமான வானவன் மாதேவியின் பெயரால் வானவன் மாதேவி ஈசுவரம் என்று வழங்கிய கோயில் அது. முழுக்கக் கல்லால் கட்டியது. சுவரில் அதிராசேந்திரன் காலம் உட்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சுற்றியுள்ள செங்கல் கட்டடங்களின் கூரைகளில் பெரும்பாலானவை சரிந்துகிடக்க, இந்தச் சிறு கோயிலின் விமானம் கலையாமல் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு அளவு ஏமாற்றமாக இருக்கும். இது பேரரசின் பெருமைக்குக் கட்டியதாகத் தோன்றவில்லை. அயல்மண்ணில் பணியில் இருந்தவர்கள் கும்பிடுவதற்கு வைத்துக்கொண்ட கோயிலின் அளவுதான். சோழர் கோயிலைப் பார்த்தாயிற்று என்று வேனில் ஏறிவிட்டால் கிடைக்கும் வரலாறு இத்தோடு முடிகிறது: வந்தார்கள், வென்றார்கள், கட்டினார்கள், போனார்கள்.

சைக்கிளில் இருந்தால் அந்தக் கதை நிற்காது. இந்தக் கோயிலிலிருந்து சில நிமிட மிதியில், கோட்டைக்கும் பல் மேடைக்கும் நடுவே, முதலாம் சிவ தேவாலயம் இருக்கிறது. அது பாண்டியர் பாணி. சோழர் போய் நூறாண்டுக்கு மேலான பிறகு எழுந்தது. மேல்தளம் இல்லை என்றாலும், கல்லோடு கல் பொருந்திய நேர்த்தியைப் பார்க்கச் சுவரே போதும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் நடத்திய அகழ்வில் நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் இங்கே கிடைத்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைப் பற்றித் தனியாகவே எழுதினார். ஆக, சிங்கள மன்னர்களின் தலைநகரில், அரண்மனை வாசலுக்கு எதிரேயே, சிவ வழிபாடு தொடர்ந்திருக்கிறது. இன்னும் சில அடி வடக்கே மேடையில் ஏறினால் வேளைக்காரர் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அது தமிழில் இருக்கிறது. விசயபாகுவின் ஏவலால் எழுந்த பல் ஆலயத்தைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்ட உறுதி அது. சோழரை விரட்டிய மன்னனின் புனிதப் பொருளுக்குத் தமிழ் பேசிய வீரர்கள் காவல். பிறகு வடக்கே, கல் விகாரைக்கும் திவங்க பிலிமகேக்கும் இடையில், காடு படர்ந்த குன்றுபோல் ஒரு பெரும் தூபி கிடக்கிறது. தமிழர் தூபி என்றே பெயர். பராக்கிரமபாகு பாண்டிநாட்டுப் போரில் பிடித்துவந்த தமிழர்களைக் கொண்டு அதைக் கட்டுவித்தான் என்று சூளவம்சம் என்னும் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. வென்றவர், வணங்கியவர், கூலிக்குக் காவல் நின்றவர், சிறைப்பட்டுச் செங்கல் சுமந்தவர் என்று தமிழரின் நான்கு வேடங்கள் ஒரே பாதையில், ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து நிமிட மிதியில் வருகின்றன. கடைசியாகச் சொன்ன தூபியில் சுற்றுலா வேன்கள் அநேகமாக நிற்பதில்லை. முதலில் சொன்ன கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வரும் பெருமிதம் பாதி உண்மைகூட இல்லை.

இடைவெளி குறைவாகவும் கட்டுப்பாடு நம் கையிலும் இருந்தால் ஒப்பிட முடியும் என்பதற்கு இன்னொரு சான்று மூன்று செங்கல் சிலைமனைகள். தூபாராமம், இலங்காதிலகம், திவங்க பிலிமகே மூன்றும் ஒரே வகைக் கட்டடம்: கனத்த சுவர், செங்கல் வளைவுக் கூரை, உள்ளே பெரிய புத்தர். தூபாராமத்தில் கூரை அப்படியே இருக்கிறது. உள்ளே நுழைந்தால் இருட்டும் குளிர்ச்சியும். இலங்காதிலகத்தில் கூரை போய்விட்டது. 17 மீட்டர் உயரச் சுவர்களுக்கு நடுவே தலையற்ற புத்தர் வெட்டவெளியில் நிற்கிறார். வெளிச்சுவர்களில் மாடிக் கட்டடங்களின் உருவங்கள் சுதையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அழிந்துபோன மர மாளிகைகள் எப்படி இருந்தன என்பதற்கு அவை சாட்சி. திவங்கவில் மும்முறை வளைந்து நிற்கும் சிலையும், 12, 13ஆம் நூற்றாண்டுகளின் சுவரோவியங்களும், அவற்றைக் காக்க அண்மைக்காலத்தில் போட்ட கூரையும். முதலாவதில் நின்ற இருட்டை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பார்த்தால்தான் அங்கே இழந்தது எது என்று புரியும். திரும்பிப் போய் மீண்டும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் சைக்கிளைத் திருப்பினால் போதும், ஓட்டுநரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கல் விகாரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே பாறையில் குடைந்த நான்கு உருவங்களும், அவற்றில் 14 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் புத்தரும் எல்லாப் படங்களிலும் வந்துவிட்டார்கள். படங்களில் வராதது பக்கத்துப் பாறையில் பராக்கிரமபாகு பொறித்த துறவிகளுக்கான ஒழுக்க விதிகள். பாறையின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். வண்டியில் வரும் கூட்டம் அலை அலையாய் வந்து பத்து நிமிடத்தில் போய்விடும். இடையில் நல்ல வெறுமை கிடைக்கும்.

இனி மறுப்புகள். ஆட்டோவில் போனால் நேரம் மிச்சம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெதுவாக மிதித்தாலும் மணிக்கு 10 கிலோமீட்டர் போகலாம். கோட்டையிலிருந்து திவங்க வரைக்கும் மொத்தமே 25 நிமிடத்துச் சவாரி. கிளைப் பாதைகளையும் திரும்பி வருவதையும் சேர்த்தாலும் நாள் முழுக்க மிதிப்பது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாது. ஆட்டோ அதில் பாதியைக் குறைக்கலாம். குறைத்த நேரத்தை நிறுத்துமிடத்திலிருந்து கட்டடத்துக்கு நடந்துபோய் அதே நிறுத்துமிடத்துக்கே திரும்பி நடப்பதில் செலவழிப்பீர்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மடத்தின் ஊடாகப் போகிற வசதி ஆட்டோவில் வந்தவருக்கு இல்லை. வெளியே ஒருவர் மீட்டர் ஓடாமலே காத்திருக்கிறார் என்ற எண்ணமும் உள்ளே நிற்கிற நேரத்தைத் தின்னும். அப்படியானால் நடந்தே போகலாமே என்றால், முடியும். ஆனால் போகவர எட்டொன்பது கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு வளாகத்துக்குள்ளும் ஏறி இறங்கி நடப்பது வேறு. மதியத்துக்குள் கால் சொல் கேட்காது, வடக்குப் பகுதியை விட்டுவிடுவீர்கள்.

வெயில் என்பது இன்னும் நியாயமான மறுப்பு. இது வறண்ட வலயம். ஆண்டின் பெரும்பகுதி பகலில் 30 டிகிரிக்கு மேல். இதற்குப் பதில் பாதையின் வரிசையிலேயே இருக்கிறது. கோட்டையும் பல் மேடையும் நிழலில்லாத கல்லும் செங்கல்லும். அவற்றைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். வாசலுக்கு வடக்கே பாதை மரநிழலில் போகிறது. வெயில் ஏற ஏற நீங்கள் நிழலுக்குள் போய்க்கொண்டிருப்பீர்கள். சைக்கிள் ஓடும்போது முகத்தில் படும் காற்று நடப்பவருக்குக் கிடைக்காது. முதலில் வடகோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பிவாருங்கள் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அது கொதிக்கும் கல் மேடையை மதியத்தில் கொண்டுபோய் வைக்கும், நகரத்தின் வரிசையையும் தலைகீழாக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓரிரு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், அகலத் தொப்பி. வழியில் செவ்விளநீர் விற்பவர்கள் இருப்பார்கள். சென்னைக்கும் நாகைக்கும் மழை கொட்டும் வடகிழக்குப் பருவத்தில்தான் இங்கும் கொட்டும். நவம்பர் முதல் சனவரி நடுவரை தவிர்த்துவிடலாம். பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். முழுநிலா நாட்களில் வெள்ளுடை உடுத்திய பக்தர் கூட்டம் நிறைய வரும். அதைப் பார்க்க விரும்பினால் ஒழிய வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

வழிகாட்டி இல்லாமல் சைக்கிளில் சுற்றினால் என்ன புரியும் என்று கேட்பார்கள். பாதி ஏற்கிறேன். பல் மேடையில் மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது பயன் தரும். அங்கே சிறு இடத்தில் ஒரு டஜன் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் பார்க்கத் தவறும் நுணுக்கம். 8 மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 25 டன் எடையும் கொண்ட கல்பொத்த என்னும் கற்பலகையில் நிசங்கமல்லன் தன் புகழைத் தானே பாடியிருக்கிறான். மிகிந்தலையிலிருந்து அதை இழுத்துவந்ததையும் அதிலேயே எழுதிவைத்திருக்கிறான். இந்த ஆள் தற்பெருமையில் நம்மூர் மெய்க்கீர்த்திக்காரர்களுக்குச் சளைத்தவன் இல்லை. இதையெல்லாம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்வது நல்லது. ஆனால் முழு நகருக்கும் தேவையான பாடம் அருங்காட்சியகத்தில் கிடைக்கிறது. வட்டதாகை போன்ற கட்டடங்கள் மரக்கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் சிறு மாதிரிகள் அங்கே உள்ளன. வெறும் தூண்களைப் பார்த்துக் குழம்பும் முன் அவற்றைப் பார்த்துவிட்டால், தூண் எதைத் தாங்கியது என்ற கேள்வி எழாது. ஏரியோரத்தில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தில்தான் நுழைவுச்சீட்டும் வாங்க வேண்டும். இடிபாடுகளின் வாசல் வேறிடம். சீட்டில்லாமல் வாசலுக்கு மிதித்துப்போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். சார்க் நாட்டவர்க்குக் குறைந்த கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

சைக்கிள் எல்லாருக்கும் ஆகாது என்பதை மறுக்க முடியாது. மூட்டுவலிக்காரர், சின்னக் குழந்தையோடு வருகிறவர், ஓட்டிப் பழக்கம் விட்டுப்போனவர் ஆட்டோவில் போகட்டும். ஆனால் அரை நாளை முழு நாளாக்கி, இங்கே சொன்ன வரிசையிலேயே போகட்டும். ஆட்டோக்காரரிடம் முதலிலேயே தமிழர் தூபியையும் திவங்கவையும் பெயர் சொல்லிப் பேசிவிட வேண்டும். தனியாகச் செல்லும் பெண்கள் பகலில் இங்கே சைக்கிளில் சுற்றுவது சாதாரணக் காட்சி. வடகோடியில் மட்டும் மாலையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும், எனவே நாலரை மணிக்குள் திரும்பத் தொடங்குவது விவேகம். யானை பயம் இடிபாடுகளுக்குள் தேவையில்லை. ஆனால் ஹபரணையிலிருந்து மின்னேரியா வழியாகச் சைக்கிளிலேயே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சாலையைக் காட்டுயானைகள் கடக்கும், பொழுது சாயும் நேரத்தில் அது விளையாட்டில்லை. குரங்குகள் வேறு வகைத் தொல்லை. ஆராய்ச்சியாளர்கள் 1968 முதல் தொடர்ந்து கவனித்துவரும் குரங்குக் கூட்டங்கள் இவை; 2015இல் வந்த ‘மங்கி கிங்டம்’ படமும் இங்கேதான் எடுக்கப்பட்டது. புகழ் இருந்தாலும் பழக்கம் மாறவில்லை: சைக்கிள் கூடையில் வாழைப்பழம் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனால் திரும்பும்போது இருக்காது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராகவே இருக்க வேண்டும். பெரும்பாலான தங்குமிடங்களில் வாடகைச் சைக்கிள் உண்டு. ஏரிப்பக்கத்துப் பழைய ஊரில் கடைகளும் உண்டு. ஊர் சமதரை, கியர் அவசியமில்லை. இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, இருக்கையின் உயரத்தை மாற்ற முடிகிறதா, டயர் தேயாமல் காற்றோடு இருக்கிறதா, செயின் கழலாமல் ஓடுகிறதா, பூட்டுக்குச் சாவி திரும்புகிறதா என்று நூறு மீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். உள்ளே சில பாதைகள் சரளைக்கல்; மெல்லிய டயரைவிட அகல டயர் நல்லது. பங்சர் ஆனால் யாரை அழைப்பது என்று கேட்டுக் கடையின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே பேசி முடித்துவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் வீணாகாது.

முதுகுப்பை பற்றி ஒரே விதி: பெரியது அறையிலேயே இருக்க வேண்டும். அறையைக் காலி செய்யும் நாளாக இருந்தாலும் தங்குமிடத்தில் பையை வைத்துக்கொள்வார்கள். கூட எடுத்துப்போகும் சின்னப் பையில் தண்ணீர், பாஸ்போர்ட், நுழைவுச்சீட்டு, சில்லறை, தோளையும் முழங்காலையும் மூட ஒரு துண்டு அல்லது லுங்கி, ஒரு ஜோடி தடித்த காலுறை. காலுறைதான் முக்கியம்: வழிபாட்டிடங்களில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும், மதியக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ரயில் பாதையில் பொலன்னறுவை நிலையம் கதுருவெலையில் இருக்கிறது. இடிபாடுகள் இருக்கும் பழைய ஊர் அங்கிருந்து 4 கிலோமீட்டர் மேற்கே. பையோடு அந்தத் தூரத்துக்குப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்து, பழைய ஊரிலேயே அறை எடுங்கள். கதுருவெலையில் தங்கினால் தினமும் விரையும் பேருந்துகளுக்கு நடுவே பிரதான சாலையில் மிதிக்க வேண்டியிருக்கும். மலிவு அறைக்காக அது வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்தே எளிது.

சைக்கிள் இடிபாடுகளைக் கெடுக்கும் என்றொரு குற்றச்சாட்டும் உண்டு. பொறுப்பில்லாமல் ஓட்டினால் கெடுக்கும்தான். எண்ணூறு ஆண்டுச் செங்கல் சுவரில் வண்டியைச் சாய்த்து வைப்பது, குறுக்கு வழிக்காகப் புல்மேட்டில் ஏற்றுவது இரண்டும் கூடாது. அந்தப் புல்மேட்டுக்கு அடியில் தோண்டாத சுவர் இருக்கலாம். ஆனால் இதே அளவுகோலில் வேனையும் நிறுத்துங்கள்: நிறுத்துமிடம், அதற்கு அகலச் சாலை, புகை, அதிர்வு. சைக்கிளுக்கு மரநிழல் போதும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பதை இங்கே அவமதிப்பாகக் கருதுவார்கள். காவலர் தடுப்பார், தடுக்காவிட்டாலும் செய்யாதீர்கள்.

இந்த வாதத்தை எல்லா இடிபாடுகளுக்கும் நீட்டக் கூடாது. சிகிரியா ஏறவேண்டிய குன்று. அடிவாரம் வரை சைக்கிள் உதவும், அவ்வளவே. கம்போடியாவின் அங்கோரில் உள்வட்டம் 17 கிலோமீட்டர், அது சைக்கிளுக்கு அருமையானது. ஆனால் பந்தியாய் சிரேய் கோயிலுக்கு அங்கிருந்து வண்டி பிடிப்பதுதான் புத்தி. கோயில் ஒன்றே ஒன்றாய்த் தனித்து நிற்கும் ஊரில் எதில் போனாலும் ஒன்றுதான். நகரமாய்ப் பரந்து, சமதரையாய், ஒருநாள் மிதிக்குள் அடங்குகிற இடங்களுக்கே இது பொருந்தும். அனுராதபுரமும் தாய்லாந்தின் சுகோதாயும் அந்த வகை.

மாலையில் இடிபாடுகளை விட்டு வெளியே வந்ததும் வண்டியைக் கடையில் ஒப்படைத்துவிடாதீர்கள். பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் தெற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் பொத்குல் விகாரையும், ஓலைச்சுவடி போன்ற ஒன்றைக் கையில் ஏந்தி நிற்கும் பாறைச் சிலையும் வரும். அரசன் என்பாரும் உண்டு, முனிவர் என்பாரும் உண்டு. சுமார் 2,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளம்தான் காலையில் பார்த்த அத்தனை கட்டடங்களுக்கும் சோறு போட்டது. இன்றும் கீழே வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறது. கரைமேல் காற்று எதிர்க்கும், எனவே போகும்போது எதிர்காற்றும் வரும்போது பின்காற்றுமாகத் திட்டமிடுங்கள்.

நுழைவுச்சீட்டு அன்றைக்கு மட்டுமே செல்லும். வாசலைத் தாண்டி வெளியே வந்தபின் மீண்டும் உள்ளே விடுவார்களா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் பிற்பகலில் ஊர் சேர்ந்து, அன்றைக்கே சைக்கிளைப் பேசி, மறுநாள் வாசல் திறக்கும் நேரத்தில் அங்கே இருங்கள். வேன்கள் வரத் தொடங்குவதற்கு முன் கோட்டையும் பல் மேடையும் உங்களுக்கே கிடைக்கும்.